நான்கு கண்டன்சர் மைக்குகளிலிருந்து ஒரு ஸ்டீரியோ இணை

ஒரே மாதிரியைச் சேர்ந்த, சிறு டயாஃப்ரம் (ஒலி பட்டு அதிரும் மென்படலம்) கொண்ட நான்கு கண்டன்சர் மைக்குகள் கைவசம் இருந்தன. நான்கும் கார்டியாய்டு வகை, அதாவது முன்பக்க ஒலியை மிகுதியாகவும் பின்பக்க ஒலியை மிகக் குறைவாகவும் எடுப்பவை. இரண்டு மைக்குகள் அடுத்தடுத்த வரிசை எண்களோடு ஒன்றாக வந்தவை. மற்ற இரண்டும் பின்னர் தனித்தனியாகச் சேர்ந்தவை. பியானோவையும் சிறு பாடகர் குழுவையும் ஸ்டீரியோவில் பதிவு செய்ய இவற்றிலிருந்து ஓர் இணையைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. வரிசை எண் அடுத்தடுத்து இருக்கும் இரண்டை எடுத்துக்கொண்டால் போதும் என்பது பலரும் சொல்லும் வழி. ஆனால் வரிசை எண்ணிலிருந்து அவை எந்த வரிசையில் ஆலையை விட்டு வெளிவந்தன என்று மட்டுமே தெரியும். உள்ளிருக்கும் கேப்ஸ்யூல்கள் (ஒலியை மின்னலையாக்கும் பகுதிகள்) ஒன்றையொன்று ஒத்திருக்கின்றனவா என்பது தெரியாது. ஆகவே நான்கையும் அளந்து பார்த்தே முடிவெடுப்பது என்று தொடங்கினேன். மைக்குகளுக்கு 'அ', 'ஆ', 'இ', 'ஈ' என்று சிறு ஒட்டுச்சீட்டுகளில் பெயரிட்டுக்கொண்டேன். 'அ'வும் 'ஆ'வும் அடுத்தடுத்த எண் கொண்டவை.

இணைக்குப் பொருத்தம் ஏன் தேவை என்பதை முதலில் எண்களில் பார்த்துவிடுவது நல்லது. இரு ஸ்பீக்கர்களுக்கு இடையே ஓர் ஒலி எங்கே நிற்கிறது என்பதை நம் காது இரண்டு வேறுபாடுகளைக் கொண்டு முடிவு செய்கிறது: இடத்துக்கும் வலத்துக்கும் உள்ள அளவு வேறுபாடு ஒன்று, கால வேறுபாடு மற்றொன்று. அளவு வேறுபாடு மட்டும் செயல்படும்போது ஏறத்தாழ 15 முதல் 18 டெசிபலில் ஒலி முழுவதும் ஒரு பக்க ஸ்பீக்கருக்குப் போய்விடுகிறது. ஓ.ஆர்.டி.எஃப். அமைப்பில், அதாவது 17 செ.மீ. இடைவெளியில் 110 பாகை விரித்து வைத்த இரு கார்டியாய்டு மைக்குகளில், மையத்திலிருந்து 30 பாகை விலகி நிற்கும் ஒரு கருவி தரும் அளவு வேறுபாடு கணக்குப்படி 5 டெசிபலுக்குச் சற்றே குறைவு; கால வேறுபாடு கால் மில்லிநொடி. ஒரு கருவியின் இடத்தைத் தீர்மானிக்கும் மொத்தச் சைகையே இவ்வளவு சிறியது. அந்நிலையில் இரு மைக்குகளுக்கும் இடையே உயர் அதிர்வெண்களில் மட்டும் ஒரு டெசிபலுக்கு மேல் முரண்பாடு இருந்தால், அதே கருவியின் அடிச்சுரம் ஓரிடத்திலும் அதன் மேல்சுரங்கள் அதற்குச் சற்றுத் தள்ளியும் நிற்கத் தொடங்கும். இதைக் கேட்பவர் 'இடம் மாறிவிட்டது' என்று சொல்வதில்லை. 'படம் தெளிவாக இல்லை' என்றுதான் சொல்வார்.

இதில் ஒரு வேறுபாட்டை ஆரம்பத்திலேயே பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். எல்லா அதிர்வெண்களிலும் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவாக இருக்கும் முரண்பாடு வெறும் உணர்திறன் வேறுபாடுதான். அதை ஒரு குமிழைத் திருப்பிச் சரிசெய்துவிடலாம். அதிர்வெண்ணுக்கு அதிர்வெண், திசைக்குத் திசை மாறும் முரண்பாட்டை எந்தக் குமிழாலும் சரிசெய்ய முடியாது. விற்பனைத் தாள்களில் 'பொருத்திய இணை' என்று அச்சிடும்போது பெரும்பாலும் பெருமையோடு காட்டப்படுவது முதலாவது. இணை வாங்குபவர் கவலைப்பட வேண்டியதோ இரண்டாவது. எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு அளவு தருகிறது என்று காட்டும் வளைவுத் தாளைத் தனித்தனி மைக்குக்குக் கொடுக்காமல், 1 கிலோஹெர்ட்ஸில் உணர்திறன் ஒத்துப்போகிறது என்று மட்டும் சொல்லும் இணைக்கு நான் கூடுதல் மதிப்பு கொடுப்பதில்லை.

உணர்திறன் எண்ணை எப்படிப் படிப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 94 டெசிபல் ஒலியழுத்தம் என்பது 1 பாஸ்கல். அந்த அழுத்தத்தில் மைக் எத்தனை மில்லிவோல்ட் தருகிறது என்பதே உணர்திறன். நோய்மன் கே.எம். 184-க்கு இது 15 மில்லிவோல்ட். அப்படிப்பட்ட இரு மைக்குகளில் ஒன்று 15-உம் மற்றொன்று 13.5-உம் தந்தால் வேறுபாடு 0.9 டெசிபல். எண்ணில் பத்தில் ஒரு பங்கு குறைந்ததுபோல் தெரிந்தாலும், அது ஒரு டெசிபலைக்கூடத் தொடவில்லை. மைக்கின் சிறு மின்னலையைப் பெருக்கும் ப்ரீஆம்பின் குமிழை மயிரிழை நகர்த்தினால் மறைந்துவிடும்.

எந்த அமைப்புக்கு எவ்வளவு பொருத்தம் தேவை என்பதும் ஒன்றல்ல. ஆலன் புளூம்லைன் 1931 டிசம்பரில் பதிந்த பிரிட்டிஷ் காப்புரிமையிலிருந்து வளர்ந்து வந்த, இரு எட்டுவடிவ மைக்குகளை (முன்னும் பின்னும் சமமாக எடுத்து, பக்கங்களை விடுபவை) ஒரே புள்ளியில் குறுக்காக வைக்கும் முறையும், அதன் உறவான, கார்டியாய்டுகளை அப்படி வைக்கும் எக்ஸ்-ஒய் முறையும் அளவு வேறுபாட்டை மட்டுமே நம்பியிருப்பவை. அங்கே மைக்குகளுக்குள் முரண்பாடு இருந்தால் அதைத் தாங்கிக்கொள்ள வேறு சைகை எதுவும் இல்லை. கார்டியாய்டுகளைச் சற்று இடைவெளியில் விரித்து வைக்கும் ஓ.ஆர்.டி.எஃப்., என்.ஓ.எஸ். போன்றவற்றில் கால வேறுபாடு கொஞ்சம் கைகொடுக்கிறது. எல்லாத் திசைகளிலும் சமமாக எடுக்கும் ஓம்னி மைக்குகளை அரை மீட்டர் இடைவெளியில் நிறுத்தும் ஏ-பி இணையில் காலமே முதன்மை என்பதால் சிறு முரண்பாடு அவ்வளவாக உறுத்துவதில்லை. நடுவுக்கு ஒரு மைக், பக்கங்களுக்கு ஒரு மைக் என்று வைக்கும் எம்-எஸ் முறைக்கோ பொருத்திய இணையே வேண்டாம். அதில் இரு மைக்குகளும் இயல்பிலேயே வெவ்வேறு வகை. என் தேவை ஓ.ஆர்.டி.எஃப். என்பதால், அதற்குரிய கோணங்களில் மைக்குகள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதே எனக்கு முக்கியமாக இருந்தது. இந்த அமைப்பில் மேடையின் நடுவில் நிற்கும் பாடகரின் குரல் எந்த மைக்குக்கும் நேர்முன்னே வருவதில்லை; இரண்டுக்கும் 55 பாகை சாய்வாகத்தான் வருகிறது. ஆகவே நேர்முன் வளைவை மட்டும் ஒப்பிட்டு இணை சேர்ப்பது, படத்தின் மிக முக்கியமான பகுதியைப் பார்க்காமலே முடிவெடுப்பதாகும்.

மைக்குகளைத் தொடுவதற்கு முன் அவற்றுக்குப் பின்னால் ஒலி செல்லும் வழியைச் சோதிக்க வேண்டும். மைக்குகளைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸின் இரு ப்ரீஆம்ப் குமிழ்களும் ஒரே குறியில் நின்றால் இரண்டின் பெருக்கமும் ஒன்றே என்று எண்ணிவிடலாகாது. படிப்படியாகச் சொடுக்கிக்கொண்டு திரும்பும் குமிழ்களில் இது பெரும்பாலும் சரியாக இருக்கும். வழுக்கிக்கொண்டு திரும்பும் சாதாரணக் குமிழ்களில் இரு பக்கமும் ஒரு டெசிபலுக்கு மேல் விலகி நிற்பது அபூர்வம் அல்ல. ஒரே மைக்கை, ஒரே கேபிளோடு, ஒரே ஒலிக்கு முன் வைத்து, முதலில் முதல் வழியிலும் பிறகு இரண்டாம் வழியிலும் பதிந்து பார்த்தால் இது வெளிப்பட்டுவிடும். என்னிடமுள்ள இன்டர்ஃபேஸில் இரு வழிகளுக்கும் இடையே இருந்த வேறுபாடு, பின்னர் அளந்த சில மைக்குகளுக்கிடையே இருந்த வேறுபாட்டைவிட அதிகம். அதனால் எல்லா அளவீடுகளையும் ஒரே வழியில், குமிழை நாடாவால் ஒட்டி அசையாமல் வைத்துக்கொண்டே எடுத்தேன்.

கண்டன்சர் மைக் இயங்கக் கேபிள் வழியே செல்லும் ஃபான்டம் மின்சாரத்தையும் பார்த்துவிட வேண்டும். விதிப்படி 48 வோல்ட்டில் 4 வோல்ட் கூடக்குறைய இருக்கலாம். அது இரண்டு 6.8 கிலோஓம் தடைகளின் வழியாக மைக் செருகியின் 2-ஆம், 3-ஆம் முனைகளுக்குச் செல்கிறது. அவ்விரு தடைகளின் தனி மதிப்பு சற்று மாறினாலும் பாதகமில்லை. ஆனால் ஒன்றுக்கொன்று 0.4 சதவீதத்துக்குள் ஒத்திருக்க வேண்டும், இல்லையேல் கேபிள் வழியே நுழையும் இரைச்சலை ப்ரீஆம்ப் முழுமையாகத் தள்ளிவிடாது. மல்டிமீட்டரில் இரு வழிகளிலும் 47 வோல்ட்டுக்கு மேல் காட்டியதால் மேற்கொண்டு எதையும் பிரிக்கவில்லை.

அடுத்து அளக்கும் முறை. இரு மைக்குகளையும் அருகருகே நிறுத்தி ஒரே நேரத்தில் பதிந்து, ஒன்றின் துருவத்தைத் திருப்பி (அதன் அலையைத் தலைகீழாக்கி) மற்றதோடு கூட்டி, எவ்வளவு அமைதி கிடைக்கிறது என்று பார்ப்பது பரவலாகச் சொல்லப்படும் சோதனை. கேட்பதற்கு அழகான யோசனைதான், ஆனால் அதன் வரம்பைக் கணக்கிட்டுப் பார்த்தால் உற்சாகம் குறைந்துவிடும். 10 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் 34 மி.மீ. மட்டுமே. ஸ்பீக்கரிலிருந்து இரு டயாஃப்ரங்களுக்கும் உள்ள தொலைவு ஒரே ஒரு மி.மீ. மாறினால், அந்த அதிர்வெண்ணில் கட்ட வேறுபாடு (ஓர் அலை மற்றதற்குப் பிந்தும் அளவு) சுமார் 10 பாகை ஆகிவிடும். முற்றிலும் ஒரே மாதிரியான இரு மைக்குகளாக இருந்தாலும் எச்சம் 15 டெசிபல்தான் கீழே இறங்கும். அதே ஒரு மி.மீ. 1 கிலோஹெர்ட்ஸில் 35 டெசிபல் வரை இறங்க விடுகிறது. மற்றொரு பக்கம், தொலைவு துல்லியமாக இருந்து அளவு மட்டும் 1 டெசிபல் விலகியிருந்தால் எச்சம் 19 டெசிபல் இறங்கும். அரை டெசிபல் விலகல் என்றால் 25. ஆகவே இந்தச் சோதனையில் உயர் அதிர்வெண் எச்சம் பெரிதாக இருந்தால், அது மைக்கின் குறையா, ஸ்டாண்டின் குறையா என்று சொல்லவே முடியாது. தாழ்ந்த, நடுத்தர அதிர்வெண்களுக்கு மட்டும் இதை நம்பலாம்.

நான் கையாண்டது மாற்றிவைக்கும் முறை: ஒரு மைக்கை அளந்து, அதை எடுத்துவிட்டு, அடுத்ததை அதே புள்ளியில் வைத்து அளப்பது. இதற்கு ஸ்டாண்டை அசைக்காமல் மைக்கை மட்டும் மாற்ற வேண்டும். கிளிப்பின் பின்பக்கம் ஒரு மரத்துண்டை ஒட்டி, மைக்கின் அடிப்பகுதி ஒவ்வொரு முறையும் அதில் முட்டி நிற்குமாறு செய்தேன். நான்கும் ஒரே நீளம் என்பதால் டயாஃப்ரம் நிற்கும் இடமும் ஒன்றாகிவிட்டது. தொலைவு ஒரு மீட்டர். இதைவிட நெருங்கக்கூடாது; திசைத்தன்மை கொண்ட மைக்குகளில் அண்மை விளைவு தாழ்ந்த அதிர்வெண்களை உயர்த்திவிடும், அந்த உயர்வு சிறு தொலைவு மாற்றத்துக்கும் ஆடும். ஸ்பீக்கரும் மைக்கும் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருந்தன. நேர்வழி 1 மீட்டர், தரையில் பட்டு வரும் வழி 2.6 மீட்டர், ஆக முதல் எதிரொலி நேரொலிக்கு 4.6 மில்லிநொடி பின்னே வருகிறது. அதற்கு முன் வந்த ஒலியை மட்டும் கணக்கில் எடுத்து மீதியை வெட்டிவிட்டால் அறையின் தலையீடு இல்லாத வளைவு கிடைக்கும், ஆனால் சுமார் 215 ஹெர்ட்ஸுக்குக் கீழே அந்த வளைவுக்குப் பொருளில்லை. அதற்குக் கீழே அறையோடு சேர்த்தே ஒப்பிட வேண்டியதுதான். அறை மாறாததால் ஒப்பீட்டில் அதன் பங்கு பெருமளவு கழிந்துவிடும். எனினும் எதிரொலிகள் பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் வருவதால் கார்டியாய்டின் பின்பக்கக் குணமும் அதில் கலந்துவிடுகிறது என்பதை நினைவில் வைத்தே அந்தப் பகுதியைப் படித்தேன்.

சோதனை ஒலியாக, ஆஞ்சலோ ஃபாரினா 2000-இல் விவரித்த மடக்கை ஸ்வீப் (தாழ்ந்த அதிர்வெண்ணிலிருந்து உயர்ந்ததற்கு ஏறிச் செல்லும் ஒலி) முறையையே ஆர்.இ.டபிள்யூ. என்ற அளவீட்டு மென்பொருளில் பயன்படுத்தினேன். வரிசை முடிந்தபின் முதலில் அளந்த 'அ' மைக்கையே மீண்டும் வைத்து அளக்க வேண்டும் என்பதை யாருக்கும் வற்புறுத்திச் சொல்வேன். ஸ்பீக்கரின் சுருள் சூடேறி அளவு சற்று நகரலாம், அறை வெப்பநிலை மாறலாம், ஸ்டாண்ட் இறங்கலாம். முதல் 'அ'வும் கடைசி 'அ'வும் ஒன்றின்மேல் ஒன்று விழும்போது எவ்வளவு விலகல் தெரிகிறதோ, அதுவே இந்த அளவீட்டின் நம்பகத்தன்மை. அதைவிடச் சிறிய வேறுபாடுகளை மைக்கின் தலையில் கட்டக்கூடாது. எனக்கு அது 10 கிலோஹெர்ட்ஸ் வரை 0.1 டெசிபல் அளவிலும், அதற்கு மேல் 0.3 டெசிபல் வரையும் இருந்தது.

நேர்முன் அளவீட்டின் முடிவுகள் என் ஐயத்தை உறுதி செய்தன. 1 கிலோஹெர்ட்ஸில் 'அ'வோடு ஒப்பிட, 'ஆ' 0.2 டெசிபல் அதிகம், 'ஈ' 0.4 குறைவு, 'இ' 1.1 குறைவு. உணர்திறனை மட்டும் பார்ப்பவர் 'அ'வையும் 'ஆ'வையும் சேர்த்துக் கட்டி வேலையை முடித்திருப்பார். அடுத்தடுத்த வரிசை எண்களும் அதற்குச் சாட்சி சொல்லியிருக்கும். ஆனால் அளவைச் சமன் செய்து வளைவுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்தபோது, 'ஆ' 7 கிலோஹெர்ட்ஸிலிருந்து மெல்ல ஏறி 12 கிலோஹெர்ட்ஸில் 'அ'வை விட 1.4 டெசிபல் மேலே நின்றது. 'இ'யின் வளைவோ, 1.1 டெசிபலை ஈடுசெய்த பிறகு, 12 கிலோஹெர்ட்ஸ் வரை 'அ'வின் வளைவோடு 0.4 டெசிபலுக்குள் ஒட்டியே சென்றது. 'ஈ'யும் நேர்முன்னில் நல்ல பிள்ளையாகவே நடந்துகொண்டது.

பின்னர் ஒவ்வொரு மைக்கையும் டயாஃப்ரம் இருந்த இடத்திலேயே இருக்குமாறு திருப்பி, 55, 90, 180 பாகைகளில் அளந்தேன். இங்கே அச்சு முக்கியம்: மைக்கின் நடுவைப் பிடித்துத் திருப்பினால் டயாஃப்ரம் பல செ.மீ. நகர்ந்துவிடும். ஒட்டுப்பலகையில் கோணங்களை வரைந்து, டயாஃப்ரத்துக்கு நேர்கீழே ஸ்டாண்டின் அச்சு வருமாறு கிளிப்பை ஒரு குறுக்குக் கம்பியில் பின்னே தள்ளிப் பொருத்தினேன். ஏட்டுக் கார்டியாய்டு 55 பாகையில் 2.1 டெசிபலும் 90 பாகையில் 6 டெசிபலும் குறைய வேண்டும். நடுத்தர அதிர்வெண்களில் நான்குமே இதற்கு அருகில் இருந்தன. வேறுபாடு மேல் அதிர்வெண்களிலும் பின்பக்கத்திலும்தான் வெளிப்பட்டது. 'ஆ'வின் மேல்பகுதி உயர்வு 55 பாகையில் பாதியாகக் குறைந்தது. 90 பாகையில் 'அ'வுக்குக் கீழே இறங்கியது. 'ஈ'யின் பின்பக்க ஒடுக்கம் 300 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் மற்ற மூன்றையும்விடத் தெளிவாகக் குறைவு. கார்டியாய்டின் பின்பக்க அமைதி, டயாஃப்ரத்தின் முன்னும் பின்னும் வந்து சேரும் இரு அழுத்தங்கள் ஒன்றையொன்று கழித்துக்கொள்வதால் உருவாவது என்பதால், கேப்ஸ்யூலின் பின்வழித் தடையில் சிறு மாற்றம் இருந்தாலும் முதலில் காட்டிக்கொடுப்பது 180 பாகை அளவீடுதான். முன்பக்கம் நன்றாகத் தெரியும் மைக்கை இணைக்கு ஏற்கும் முன் அதன் முதுகையும் பார்க்க வேண்டும் என்பதற்கு 'ஈ' போதிய காரணம்.

'ஆ'வின் மேல் உயர்வை ஈக்யூ (அதிர்வெண் வாரியாக அளவை மாற்றும் கருவி) கொண்டு இறக்கி 'அ'வோடு சேர்த்துவிடலாமே என்ற கேள்வி எழும். நேர்முன்னுக்கு ஏற்ப 1.4 டெசிபல் இறக்கினால் 55 பாகையில் அது தேவைக்கு அதிகமாகவும் 90 பாகையில் முற்றிலும் தவறான திசையிலும் இருக்கும். ஈக்யூவுக்குத் திசை தெரியாது. 55 பாகைக்கு ஏற்ப இறக்கினாலோ, நடுவிலிருக்கும் பாடகருக்குச் சரியாகும்போது ஓரத்திலிருப்பவர்களுக்கும் அறையின் எதிரொலிக்கும் கெட்டுவிடும்.

பெரிய டயாஃப்ரம் மைக்குகளில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். டயாஃப்ரத்தின் விட்டம் அலைநீளத்தை நெருங்கும்போது, சாய்ந்து வரும் ஒலி அதன் பரப்பில் ஒரே கட்டத்தில் படுவதில்லை, 25 மி.மீ. விட்டமுள்ள டயாஃப்ரத்தில் அது சில கிலோஹெர்ட்ஸிலேயே உணரத் தொடங்கிவிடும். பக்கவாட்டிலிருந்து பாடும் அமைப்பும் சுற்றியுள்ள கம்பிவலைக் கூடும் சேர்ந்து, திசைக்குத் திசை வளைவு மாறிக்கொண்டே இருக்கும். அத்தகைய மைக்குகளில் இணை வேண்டுமென்றால் தயாரிப்பாளரே அளந்து சேர்த்துத் தருவதை வாங்குவதே அறிவுடைமை. தனித்தனியாக வாங்கிச் சேர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மிஞ்சியது 'அ'வும் 'இ'யும். உள்ளிரைச்சலைச் சோதிக்க இரண்டையும் போர்வையால் மூடிய பெட்டிக்குள் வைத்து, ப்ரீஆம்பை முழுவதும் ஏற்றிச் சில நிமிடங்கள் பதிந்தேன். இரைச்சல் ஒரே தன்மையுடையதாக, சொடக்கும் வெடிப்பும் இல்லாமல் இருக்க வேண்டும். இடையிடையே படபடவென்று ஒலித்தால் ஈரப்பதம் அல்லது தூசியால் கேப்ஸ்யூலில் மின்கசிவு இருக்கிறது என்று பொருள். அத்தகைய மைக் இன்று வளைவில் பொருந்தினாலும் நாளை பொருந்தாது. துருவமும் பார்த்தேன்: இரண்டிலும் முன்னிருந்து வரும் அழுத்தம் அலைவடிவத்தை மேல்நோக்கியே தள்ளியது.

கடைசியாகக் காதால் கேட்கும் சோதனை. ஸ்டீரியோ பாரில் 17 செ.மீ., 110 பாகையில் இரண்டையும் பொருத்தி, 'இ'யின் வழியில் 1.1 டெசிபல் கூட்டி, ப்ரீஆம்ப் வேறுபாட்டையும் அளந்தபடி ஈடுசெய்த பிறகு, சரியாக நடுக்கோட்டில் ஒருவரை நிறுத்தி ஒரு பத்தியை வாசிக்கச் செய்தேன். ஹெட்ஃபோனில் குரல் நடுவில் நின்றால் மட்டும் போதாது. 'ச', 'ஸ' போன்ற உரசொலிகள் குரலின் மற்ற பகுதியோடு அதே இடத்தில் நிற்கின்றனவா என்பதே கேட்க வேண்டியது. ஒப்பிட இதே முறையில் கேட்ட 'அ'-'ஆ' இணையில் அவை சற்றே ஒரு பக்கம் ஒதுங்கின; 'அ'-'இ' இணையில் ஒதுங்கவில்லை. இதை உறுதிப்படுத்த மைக்குகளை மட்டும் இடம் மாற்றி, கேபிள்களையும் வழிகளையும் அப்படியே விட்டு, உணர்திறனை ஈடுசெய்யும் அளவை மட்டும் மைக்கோடு மாற்றிக்கொண்டு மீண்டும் கேட்டேன். சாய்வு மைக்கோடு சேர்ந்து மறுபக்கம் போனால் குறை மைக்கில். அதே பக்கத்தில் நின்றால் ப்ரீஆம்பிலோ அறையிலோ கேட்பவரின் ஹெட்ஃபோனிலோ. 'அ'-'ஆ' இணையின் ஒதுங்கல் மைக்கோடு இடம் மாறியது.

தொழிற்சாலை இணையாகவே வாங்க நினைப்பவர்கள் இரண்டைக் கேட்க வேண்டும்: தனித்தனி வரிசை எண்ணோடு கூடிய வளைவுத் தாள், பொருத்தம் எந்த அதிர்வெண் எல்லைக்குள் எத்தனை டெசிபலுக்குள் என்ற உறுதி. பழைய இணை என்றால் எப்போதாவது ஒன்றின் கேப்ஸ்யூல் மட்டும் மாற்றப்பட்டதா என்றும் கேட்க வேண்டும். மாற்றியிருந்தால் தாளில் உள்ள பொருத்தம் அன்றோடு முடிந்துவிட்டது. சில மாதிரிகளில் கேப்ஸ்யூலைக் கழற்றி மாட்டலாம் என்பதால், இணையின் கேப்ஸ்யூல்களும் உடல்களும் கலந்துவிடாமல் குறியிட்டு வைப்பதும் அவசியம்.

'அ' இடம், 'இ' வலம் என்று இரு வளையங்களில் வண்ணம் தீட்டியாகிவிட்டது, 1.1 டெசிபல் ஈடு பெட்டியின் உள்மூடியில் எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது. இரண்டும் சிலிக்கா ஜெல்லோடு ஒரே பெட்டியில் உறங்குகின்றன, ஒன்றை மட்டும் தனியே வெளியே எடுப்பதில்லை. ஒன்றின் டயாஃப்ரம் மட்டும் கூடுதல் தூசியையும் ஈரத்தையும் கண்டால் இவ்வளவு அளந்ததற்குப் பயனில்லாமல் போகும். 'ஆ'வும் 'ஈ'யும் தனிக் கருவிகளுக்கு அருகில் வைக்கும் மோனோ வேலைக்குப் போய்விட்டன. தனியே ஒலிக்கும்போது 'ஆ'வின் மேல் உயர்வு கிட்டாருக்கு நன்றாகவே இருக்கிறது. முக்கியமான பதிவு எதற்கும் முன்னால் 'அ'வையும் 'இ'யையும் மரத்துண்டு ஒட்டிய அதே கிளிப்பில் வைத்து நேர்முன்னிலும் 55 பாகையிலும் மட்டும் அளந்து, பழைய வளைவுகளோடு ஒப்பிட்டுக்கொள்கிறேன்.